காலில் பட்டை, கையில் வாய்தா: விசாரணைக்குக் காத்திருப்பவரை மின்னணு முறையில் கண்காணிக்க என்ன விதிகள் வேண்டும்?

ஒருவர் மீது வழக்குப் போட்டாகிவிட்டது. விசாரணை தொடங்க மாதங்கள் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். அதுவரை அவரை என்ன செய்வது? சிறையில் வைத்திருக்கலாம். வாய்தா தவறாமல் ஆஜராவேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பலாம். இரண்டுக்கும் நடுவில் நிபந்தனை ஜாமீன் இருக்கிறது: ஜாமீன்தாரர் வேண்டும், பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், வாரம் ஒருமுறை காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று பல விதம். கடந்த நாற்பது ஆண்டுகளில் இந்த நடுப்பகுதியில் வந்து சேர்ந்ததுதான் மின்னணுக் கண்காணிப்பு. கணுக்காலில் ஒரு பட்டையைக் கட்டிவிடுவார்கள். அவர் வீட்டில் இருக்கிறாரா, வெளியே போனால் எங்கே போகிறார் என்பதை அது எங்கோ இருக்கும் ஒரு கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இதே பட்டையைத் தண்டனை பெற்றவர்களுக்கும், பரோலில் வந்தவர்களுக்கும் கட்டுகிறார்கள். அதனால் பேச்சில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. சட்டத்தில் அப்படிக் கலக்கக் கூடாது. தண்டனை பெற்றவர் மீதான குற்றம் நிரூபணமாகிவிட்டது. விசாரணைக்குக் காத்திருப்பவர் இன்றைய தேதிக்கு நிரபராதி. நாளைக்கு விடுதலையாகவும் கூடும். ஆகவே அவரைத் தண்டிக்க அரசுக்கு உரிமை இல்லை. அவர் சுதந்திரத்தில் கை வைக்க ஏற்கத்தக்க காரணங்கள் அடிப்படையில் இரண்டுதான். ஒன்று, அவர் தலைமறைவாகிவிடாமல் நீதிமன்றத்துக்கு வர வேண்டும். இன்னொன்று, சாட்சிகளுக்கோ புகார் கொடுத்தவருக்கோ வேறு யாருக்குமோ அவரால் ஆபத்து வரக் கூடாது. சுதந்திரமே இயல்பு, விசாரணைக்கு முன் அடைத்துவைப்பது கவனமாக வரம்பு கட்டப்பட்ட விதிவிலக்கு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987-ல் சொன்னது. வேடிக்கை என்னவென்றால், விசாரணைக்கு முன் அடைத்துவைக்க அனுமதிக்கும் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்த அதே வழக்கில்தான் இதைச் சொன்னது.

பட்டையைச் சுற்றி எழும் எல்லா விதிகளும் இந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன: இன்னும் குற்றவாளி என்று தீர்மானிக்கப்படாத ஒருவரின் காலில் இது இருக்கிறது.

கருவி என்ன செய்கிறது

இதில் முக்கியமாக இரண்டு வகை. பழைய வகை ரேடியோ அலையில் வேலை செய்கிறது. காலில் ஒரு பட்டை, வீட்டில் ஒரு பெட்டி. பட்டை பெட்டிக்கு அருகில் இருக்கும்வரை எல்லாம் சரி. வீட்டில் இருக்க வேண்டிய நேரத்தில் சமிக்ஞை அறுந்தால் எச்சரிக்கை போகும். அவர் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்பது மட்டுமே இதற்குத் தெரியும். வெளியே போனபின் எங்கே போனார் என்று தெரியாது.

இரண்டாவது ஜிபிஎஸ் பட்டை. செயற்கைக்கோள்களை வைத்துத் தன் இடத்தைக் கணித்து, செல்பேசி வலையமைப்பு வழியாக அனுப்பும். இதற்கு நாள் முழுக்க அவர் போன இடமெல்லாம் தெரியும்: வேலை, மருத்துவமனை, வழிபாட்டுத் தலம், வக்கீல் அலுவலகம், நண்பர் வீடு. வேலை அதிகம் என்பதால் பேட்டரியும் சீக்கிரம் தீரும். தினமும் சார்ஜ் போட வேண்டும், போடாவிட்டால் அதுவே நிபந்தனை மீறல் ஆகிவிடலாம்.

இவை போக, வியர்வையில் வெளியேறும் மதுவை அளக்கும் பட்டைகள் உண்டு. கைப்பேசியில் செயலியைப் போட்டு, அவ்வப்போது முகத்தைக் காட்டச் சொல்லும் முறையும் வந்துவிட்டது.

இது எங்கிருந்து வந்தது? 1960-களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் ஆட்களின் இருப்பிடத்தை ரேடியோவில் கண்டறியும் கருவியைச் செய்து பார்த்தார்கள். நல்ல நடத்தையை ஊக்குவிப்பது அவர்கள் நோக்கம். நீதிமன்றப் பயன்பாடு 1983-ல், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், அல்புகெர்க்கி நகரத்து நீதிபதி ஜாக் லவ் வழியாக வந்தது. ஸ்பைடர்மேன் படக்கதை ஒன்றில் வில்லன் நாயகனின் கையில் இருப்பிடம் காட்டும் கருவியை மாட்டிவிடுகிறான். அதைப் பார்த்துதான் அவருக்கு யோசனை வந்ததாம். இங்கிலாந்து 1989-ல் நாட்டிங்ஹாம் உள்ளிட்ட மூன்று இடங்களில் ஜாமீனில் இருப்பவர்களை வைத்தே சோதனை நடத்தியது.

எதற்குப் பதிலாக?

பட்டை நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டால், எதற்குப் பதிலாகக் கட்டுகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். முதலாமவரை ஜாமீனில் விட நீதிபதிக்கு மனம் வரவில்லை. வெளிநாட்டில் பணம் இருக்கிறது, ஓடிவிடுவார் என்று சந்தேகம். பட்டை கட்டலாம் என்றானதும் வீட்டுக்கு அனுப்புகிறார். இவருக்குப் பட்டை ஒரு வரம். சிறைக்குப் பதிலாக வீடு, வேலை, குழந்தைகள். இரண்டாமவர் சின்ன வழக்கில் மாட்டியவர். பட்டை என்ற ஒன்று கண்டுபிடிக்கப்படாமலே இருந்திருந்தால், கையெழுத்தை வாங்கிக்கொண்டு அன்றைக்கே விட்டிருப்பார்கள். இப்போது பட்டை இருக்கிறது, எதற்கும் இருக்கட்டும் என்று கட்டிவிடுகிறார்கள். இவர் சுதந்திரத்தை இழந்ததுதான் மிச்சம்.

ஒரே கருவி, ஒரே உத்தரவுப் படிவம், ஆனால் விளைவு நேர் எதிர். இரண்டாவது வகை பெருகுவதைத் துறையில் வலை விரிவது என்பார்கள். சிறையைக் குறைப்பதற்காகக் கொண்டுவந்த கருவி, சிறையில் இருப்பவர்களின் எண்ணிக்கையைத் தொடாமல், வெளியே சும்மா இருந்திருக்க வேண்டியவர்களைப் பிடித்துக்கொள்கிறது. இது யாருடைய கெட்ட எண்ணத்தாலும் நடப்பதில்லை. நீதிபதியின் இடத்தில் இருந்து பாருங்கள். விடுவித்த ஆள் நாளை ஏதாவது செய்துவிட்டால் பத்திரிகைகள் அவரைத்தான் கேட்கும். தேவையில்லாமல் பட்டை கட்டியதற்காக எந்தப் பத்திரிகையும் கேட்காது. எச்சரிக்கையாக இருப்பதன் செலவு முழுவதும் அடுத்தவர் காலில் இருக்கும்போது, எச்சரிக்கையாக இருப்பது எளிது.

நல்ல சட்டம் இந்தச் சாய்வை எதிர்த்துத்தான் எழுதப்பட வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸ் ஜாமீன் சட்டத்தில் 2008-ல் சேர்த்த ஒரு பிரிவு இதை அழகாகச் செய்கிறது. வயது வந்தவருக்குப் பட்டை நிபந்தனை போட வேண்டுமென்றால், பட்டை இல்லாவிட்டால் இவருக்கு ஜாமீனே கிடைத்திருக்காது என்று நீதிமன்றம் முதலில் திருப்தியடைய வேண்டும். அதாவது, எதற்குப் பதிலாக என்ற கேள்விக்குச் சிறைக்குப் பதிலாக என்பது மட்டுமே சரியான பதில் என்று சட்டமே எழுதிவைத்துவிட்டது. பிரான்ஸ் வேறு வழியில் போகிறது. அங்கே பட்டையோடு வீட்டுக்காவல் என்ற ஏற்பாடு 2009 சட்டத்தில் வந்தது. குறைந்தது இரண்டு ஆண்டு சிறைத்தண்டனைக்குரிய குற்றச்சாட்டாக இருக்க வேண்டும், சம்பந்தப்பட்டவரே கேட்டிருக்க வேண்டும் அல்லது சம்மதித்திருக்க வேண்டும். ஐரோப்பிய மன்றம் 2014-ல் உறுப்பு நாடுகளுக்கு அளித்த பரிந்துரையிலும் இது தனியாகவே வருகிறது: விசாரணைக்கு முந்தைய கட்டத்தில் பயன்படுத்தும்போது வலை விரிந்துவிடாமல் சிறப்புக் கவனம் எடுக்க வேண்டும்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2023 செப்டம்பரில் பண ஜாமீனை முற்றிலும் ஒழித்தது. அந்நாட்டில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அது. பணம் கட்டச் சொல்ல முடியாது என்றானதும் அந்த இடத்தைப் பட்டை பிடித்துக்கொள்ளும் என்ற பயம் சீர்திருத்தம் கேட்டவர்களுக்கே இருந்தது. அதனால் அந்தச் சட்டத்திலேயே, இதைவிடக் குறைந்த கட்டுப்பாடு எதுவும் போதாது என்று தெரிந்தால்தான் பட்டை என்று எழுதினார்கள். அதற்கான காரணத்தையும் நீதிமன்றம் பதிவு செய்ய வேண்டும்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. அமெரிக்க மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு ஆடம் வால்ஷ் சட்டம், குழந்தைகளுக்கு எதிரான சில குற்றச்சாட்டுகளில் ஜாமீன் என்றால் மின்னணுக் கண்காணிப்பும் கட்டாயம் என்கிறது. குற்றச்சாட்டின் பெயரே போதும், ஆளைப் பார்க்க வேண்டியதில்லை. இந்த வகைக் குற்றங்கள் மீதான கோபம் புரிகிறது. ஆனாலும் நீதிபதி இந்த மனிதரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்ற கொள்கையைச் சட்டமே கழற்றி வைத்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நாட்களும் மணிகளும்

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பட்டை என்றால் ஒரு சின்னத் தொந்தரவு. அணிந்தவருக்கு அது நேர அட்டவணை. எத்தனை மணிக்கு வெளியே போகலாம், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும், குழந்தைக்கு நடு இரவில் காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்குப் போகலாமா, போனபின் சொன்னால் போதுமா, முன்பே அனுமதி வாங்க வேண்டுமா? உத்தரவில் இதெல்லாம் தெளிவாக இல்லாவிட்டால், ஒவ்வொன்றும் கண்காணிப்பு அலுவலரின் தொலைபேசியைப் பொறுத்ததாகிவிடும். சில இடங்களில் முழு வீட்டுக்காவல் போட்டு, வேலைக்குப் போகக்கூட வாரா வாரம் அனுமதி கேட்க வைப்பார்கள். எந்த முதலாளி அதற்குக் காத்திருப்பார்?

இல்லினாயில் இதற்கும் விதி வந்தது. வீட்டுக்காவலில் இருப்பவருக்கு மளிகை வாங்க, மருத்துவரைப் பார்க்க என்று அடிப்படைத் தேவைகளுக்காக வாரத்தில் குறைந்தது இரண்டு நாட்களாவது வெளியே போக அனுமதி தர வேண்டும். அறுபது நாளுக்கு ஒருமுறை, இன்னும் இது தேவையா என்று நீதிமன்றம் பார்க்க வேண்டும். மறுஆய்வு என்பது கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் நடைமுறையில் அதுதான் பெரிய பாதுகாப்பு. ஜாமீன் நிபந்தனைகள் ஒருமுறை போட்டால் அப்படியே கிடக்கும் சுபாவம் உள்ளவை. வழக்கு இழுத்துக்கொண்டே போகும், ஆள் ஒரு தவறும் செய்யாமல் ஒரு வருடம் ஓட்டியிருப்பார், பட்டை மட்டும் காலிலேயே இருக்கும். கேட்டு வாங்க நல்ல வக்கீல் உள்ளவருக்கு அது கழன்றுவிடும், மற்றவருக்குக் கழலாது. நீதிமன்றமே தானாகத் தேதி வைத்துப் பார்க்க வேண்டும் என்று விதித்தால் இந்த வித்தியாசம் குறையும். பிரான்சில் ஒருமுறைக்கு ஆறு மாதம்தான். நீட்டிக்கலாம், ஆனால் மொத்தம் இரண்டு ஆண்டைத் தாண்டக் கூடாது.

அடுத்தது கழிவு. விசாரணைக் காலத்தில் சிறையில் இருந்த நாட்களைப் பின்னால் விதிக்கும் தண்டனையில் கழிப்பது பல நாடுகளில் வழக்கம். பட்டையோடு வீட்டில் இருந்த நாட்களை? இங்கேதான் நாடுகள் பட்டையை உண்மையில் என்னவாக நினைக்கின்றன என்பது வெளியே வருகிறது. பிரான்சில் பட்டை வீட்டுக்காவலில் ஒரு நாள் என்பது சிறையில் ஒரு நாளுக்குச் சமம், முழுதாகக் கழியும். வழக்கில் விடுதலையானால், அநியாயமாகச் சிறையில் இருந்தவரைப் போலவே இழப்பீடும் கேட்கலாம். இங்கிலாந்தில் பாதிக் கணக்கு. தினமும் குறைந்தது ஒன்பது மணி நேரம் வீட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பட்டையும் சேர்ந்து இருந்தால், இரண்டு நாளுக்கு ஒரு நாள் கழியும். 180 நாள் அப்படி இருந்தவருக்கு 90 நாள் குறையும். நிபந்தனை எட்டு மணி நேரம்தான் என்றால் ஒன்றும் கழியாது. அதனால் அங்கே ஜாமீன் விசாரணையின்போதே வக்கீல்கள் மணிக்கணக்கைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. கழிவே இல்லாத இடங்களும் உண்டு. அங்கே பட்டையோடு ஒரு வருடம் இருந்துவிட்டு, பிறகு தண்டனையை முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஏனென்றால் சரி தவறு இதில் வெளிப்படை. அமெரிக்காவில் பல இடங்களில் பட்டைக்கான தினக் கட்டணத்தைக் குற்றம் சாட்டப்பட்டவரிடமே வாங்குகிறார்கள். கட்டாவிட்டால் சிறைக்குத் திருப்பி அனுப்பும் அபாயம். அபராதம் கட்ட வசதியில்லாதவரை அந்த ஒரே காரணத்துக்காகச் சிறையில் தள்ளக் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1983-லேயே சொல்லிவிட்டது. அது குற்றம் நிரூபிக்கப்பட்டவரைப் பற்றிய தீர்ப்பு. நிரூபிக்கப்படாதவரிடம் கட்டணம் வசூலிப்பதை எப்படி நியாயப்படுத்துவது?

அந்தத் தகவல் யாருடையது?

விதிகளில் மிகவும் பின்தங்கியிருப்பது இந்தப் பகுதிதான் என்பது என் கருத்து. பட்டை கட்டிய நாளிலிருந்து கழற்றும் நாள்வரை ஜிபிஎஸ் சேர்த்த புள்ளிகள் எல்லாம் எங்கோ ஒரு சர்வரில் கிடக்கின்றன. அவர் வாய்தாவுக்கு வந்தாரா, தடை செய்த தெருவுக்குள் நுழைந்தாரா என்று பார்க்கத்தான் அவை சேர்ந்தன. ஆனால் சேர்ந்துவிட்ட பிறகு, வேறு வழக்கை விசாரிக்கும் போலீஸ்காரருக்கு அவை தங்கச் சுரங்கம் மாதிரி.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இதுவே நடந்தது. போதைப்பொருள் வழக்கில் ஒருவருக்கு ஜாமீன் நிபந்தனையாக ஜிபிஎஸ் பட்டை கட்டினார்கள். பிறகு ஒரு கொள்ளை நடந்தது. அதை விசாரித்த போலீஸார், சம்பவ நேரத்தில் அந்த இடத்தின் அருகே பட்டை கட்டியவர் யாராவது இருந்தாரா என்று பார்த்து இவரிடம் வந்து சேர்ந்தார்கள். 2020-ல் மாநில உச்ச நீதிமன்றம், ஜாமீன் நிபந்தனையாகப் பட்டை கட்டுவதே அரசியல் சட்டத்தின் பார்வையில் ஒரு சோதனை என்றது, அதாவது போலீஸ் ஒருவரைத் துழாவிப் பார்ப்பது போன்றது, அதற்குத் தகுந்த காரணம் வேண்டும். அந்த மனிதரின் வழக்கில் அதற்குப் போதுமான காரணம் காட்டப்படவில்லை. ஆகவே அதிலிருந்து கிடைத்த ஆதாரத்தைப் பயன்படுத்த முடியாது. இதற்கு ஐந்து ஆண்டு முன்பே, ஒருவர் உடலில் இருப்பிடம் காட்டும் கருவியைக் கட்டுவது சோதனைதான் என்று நாட்டின் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருந்தது. அது தண்டனை முடித்த ஒருவரைப் பற்றிய வழக்கு.

இந்தத் தீர்ப்பைக் கேட்டதும், கொள்ளைக்காரன் தப்பிவிட்டானே என்று சிலருக்குத் தோன்றும். ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். போலீஸ் இப்படித் தேடும்போது பட்டை கட்டிய எல்லோரையும்தான் தேடுகிறது. குற்றம் நடந்த தெருவில் அந்த நேரம் நடந்துபோன நூறு பேரில் ஒருவர் காலில் மட்டும் பட்டை இருந்தால், சந்தேகம் முதலில் அவர் மீதுதான் விழும். காலில் பட்டை உள்ளவர்கள் பெரும்பாலும் ஏழைகளாகவும் ஒருசில பகுதிகளைச் சேர்ந்தவர்களாகவும் இருந்தால், அந்தப் பகுதிகள் முழுவதும் நிரந்தரக் கண்காணிப்பின் கீழ் வந்துவிடும்.

இந்திய உச்ச நீதிமன்றமும் 2024 ஜூலையில் இதை வேறு கோணத்தில் தொட்டது. போதைப்பொருள் வழக்கு ஒன்றில் வெளிநாட்டவர் ஒருவருக்கு ஜாமீன் கொடுத்தபோது, கூகுள் மேப்பில் தன் இருப்பிடத்தைப் புள்ளியிட்டு விசாரணை அதிகாரிக்குத் தெரியும்படி வைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் ஒவ்வொரு அசைவையும் போலீஸ் தொடர்ந்து பின்தொடர வழிசெய்யும் ஜாமீன் நிபந்தனை, அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் தனியுரிமைக்கு எதிரானது என்று நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கியது. இதில் இன்னொன்றும் தெரியவந்தது. அப்படிப் புள்ளியிட்டால் ஆள் எங்கே நகர்கிறார் என்பது நேரடியாகத் தெரியவே தெரியாது என்று கூகுள் நீதிமன்றத்திடம் சொன்னது. என்ன வேலை செய்கிறது என்று பார்க்காமலே ஒரு கருவியை நிபந்தனையாக்கியிருந்தார்கள்! அதே நாட்டில் 2023 நவம்பரில், ஜம்முவில் தீவிரவாத நிதி வழக்கில் சிக்கிய ஒருவருக்குச் சிறப்பு நீதிமன்ற உத்தரவின்படி ஜிபிஎஸ் பட்டை கட்டினார்கள். பட்டைகளுக்கென்று தனிச் சட்டம் வருவதற்குள் பட்டை வந்துவிட்டது.

தரவு பற்றி ஒரு சட்டத்தில் இருக்க வேண்டியவை என்று பார்த்தால்: எந்த நோக்கத்துக்காகச் சேர்த்தார்களோ அதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், வேறு விசாரணைக்கு வேண்டுமென்றால் நீதிமன்ற வாரண்ட் வேண்டும், வழக்கு முடிந்து இத்தனை நாளில் அழிக்க வேண்டும், அவருடைய தரவை அவரும் அவர் வக்கீலும் பார்க்க முடிய வேண்டும். கடைசியில் சொன்னதை மறந்துவிடுகிறார்கள். சம்பவ இடத்தில் நான் இல்லை என்று நிரூபிக்கவும் அதே புள்ளிகள் உதவும் அல்லவா?

கருவி பொய் சொல்லும்போது

திறந்தவெளியில் ஜிபிஎஸ் சில மீட்டர் பிழையோடு இடத்தைச் சொல்லிவிடும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி வருவதால், தன் படுக்கையில் தூங்குகிறவர் பக்கத்துத் தெருவில் நிற்பதாகக் காட்டும். அடித்தளத்தில் வேலை செய்கிறவரின் சமிக்ஞை அடிக்கடி அறுந்துபோகும். பேட்டரி பழசானால் நாளுக்கு இரண்டு மூன்று முறை சார்ஜ் போட வேண்டிவரும். இவை ஒவ்வொன்றும் கண்காணிப்பு மையத்தில் ஒரு எச்சரிக்கையாக எழும். ஓடிப்போக முயன்றவரின் எச்சரிக்கையும் அப்படியேதான் எழும்.

ஆகவே சட்டம் இரண்டையும் பிரித்தாக வேண்டும். எச்சரிக்கை வந்ததாலேயே நிபந்தனை மீறப்பட்டது என்று ஆகக் கூடாது. முதலில் ஒரு போன் போட்டுக் கேட்க வேண்டும். ஜாமீனை ரத்து செய்யக் கேட்கிறார்கள் என்றால், அவர் தெரிந்தே மீறினார் என்று அரசுத் தரப்பு காட்ட வேண்டும். கருவியின் பதிவுகளையும் பழுதுப் பட்டியலையும் எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டும். கருவி சொன்னது என்பதே ஆதாரமாகிவிட்டால், குறுக்கு விசாரணை செய்ய முடியாத ஒரு சாட்சியை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது போலாகும்.

பொய்யான எச்சரிக்கைகள் அதிகமானால் உண்மையான ஆபத்தும் அவற்றுக்குள் மறைந்துபோகும் என்பதால், பாதுகாப்பை நினைப்பவர்களுக்கும் இது முக்கியம். சில சமயம் மொத்தமாகவே குருடாகிவிடும். 2010 அக்டோபரில் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் தரவுத்தளம் தன் எண்ணிக்கை வரம்பான சுமார் 210 கோடிப் பதிவுகளைத் தொட்டதும் நின்றுபோனது. 49 மாநிலங்களில் ஏறக்குறைய 16,000 பேரின் பட்டைகள் என்ன சொல்கின்றன என்பது சுமார் 12 மணி நேரம் யாருக்கும் தெரியவில்லை. பட்டை கட்டியவர்களுக்கும் அது தெரியாது என்பதால் விபரீதம் ஒன்றும் நடக்கவில்லை.

கருவி பெரும்பாலும் தனியார் நிறுவனங்களுடையது. பட்டை எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம் என்று ஒப்பந்தம் போட்டால், எண்ணிக்கை குறைவதில் அந்த நிறுவனத்துக்கு அக்கறை இருக்காது. பிரிட்டனில் 2013-ல் வெளிவந்த விவகாரம் இதற்குப் பாடம். ஜி4எஸ், செர்கோ என்ற இரண்டு பெரிய நிறுவனங்கள், சிறைக்குத் திரும்பிவிட்டவர்கள், ஏன், இறந்தேபோனவர்கள் பெயரிலும் அரசிடம் கண்காணிப்புக் கட்டணம் வாங்கியிருந்தன. செர்கோ 6 கோடியே 85 லட்சம் பவுண்டும், ஜி4எஸ் சுமார் 10 கோடியே 90 லட்சம் பவுண்டும் திருப்பித் தர நேர்ந்தது. அரசுக்கே கணக்குத் தெரியவில்லை என்றால், காலில் பட்டையோடு இருப்பவர் யாரிடம் போய் முறையிடுவார்? தனியார் நடத்தினாலும் பொறுப்பு அரசுடையது என்று ஐரோப்பிய மன்றப் பரிந்துரை சொல்வது இதனால்தான்.

பட்டைக்கு ஆதரவான வலுவான வாதம்

இதுவரை படித்தவர்கள் நான் பட்டைக்கே எதிரி என்று நினைக்கலாம். அப்படி இல்லை. குடும்ப வன்முறை வழக்குகளில் இதற்கு உண்மையான பயன் இருக்கிறது. ஸ்பெயின் 2009 முதலும் பிரான்ஸ் 2019 டிசம்பர் சட்டத்துக்குப் பிறகும் பயன்படுத்தும் முறையில் இரண்டு கருவிகள்: ஒன்று குற்றம் சாட்டப்பட்டவர் காலில், இன்னொன்று புகார் கொடுத்தவர் கையில். இருவருக்கும் இடையிலான தூரம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே வந்தால் எச்சரிக்கை எழும். குற்றம் சாட்டப்பட்டவர் ஊரில் எங்கே போகிறார் என்று யாரும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. புகார் கொடுத்த பெண்ணை நெருங்குகிறாரா என்பது மட்டுமே கேள்வி. அவள் வீடு மாறியிருந்தால் புது முகவரியை அவருக்குச் சொல்லவும் தேவையில்லை. கனடாவிலும் 2023-ல் வந்த சட்டம், துணைவர் மீதான வன்முறை வழக்குகளில் ஜாமீன் கொடுக்கும்போது பட்டை தேவையா என்று நீதிபதி யோசிக்க வேண்டும் என்கிறது. யோசிக்க வேண்டும் என்பதுதான் கட்டாயம், கட்ட வேண்டும் என்பது அல்ல.

இங்கே பட்டை நன்றாகப் பொருந்துவதற்குக் காரணம், ஆபத்து யாருக்கு என்பது பெயரோடு தெரிகிறது. பொதுவாகச் சமூகத்துக்கு ஆபத்து என்று மொட்டையாகச் சொல்லிக் கட்டும்போது, அந்தப் பட்டை எதைத் தடுக்கிறது என்று சொல்வது கடினம். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய குற்றத்தை இருப்பிடக் கருவி எப்படித் தடுக்கும்?

வாய்தாவுக்கு வராமல் போவதைத் தடுக்கவும் பட்டை கட்டுகிறார்கள். ஆனால் வராமல் போகிறவர்களில் பலர் ஓடிப்போனவர்கள் அல்ல. தேதியை மறந்தவர்கள், விடுப்புக் கிடைக்காதவர்கள், எந்தக் கட்டடம் என்று தெரியாதவர்கள். நியூயார்க் நகரத்தில் சிறு குற்ற அழைப்பாணைகளை வைத்து நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. படிவத்தில் தேதியும் இடமும் கண்ணில் படும்படி மாற்றியதற்கே வராதவர் எண்ணிக்கை 13 சதவீதம் குறைந்தது. குறுஞ்செய்தியில் நினைவூட்டியபோது 21 சதவீதம் குறைந்தது. குறுஞ்செய்திக்குச் சார்ஜரும் வேண்டாம், காலைச் சுற்றிப் புண்ணும் வராது. குறைந்த கட்டுப்பாடு போதுமா என்று நீதிபதி பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்லும்போது, அவர் முன்னால் இந்த மாதிரி மாற்றுகளும் இருக்க வேண்டும். பட்டை இயந்திரம் மட்டும் வாங்கிவைத்திருக்கும் நீதிமன்றத்தில் எல்லோருக்கும் பட்டைதான் பொருத்தமாகத் தெரியும்.

இப்போது காலிலிருந்து கண்காணிப்பு மெதுவாகக் கைப்பேசிக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. செயலி மலிவு, யாரும் காலைப் பார்த்து விலகிப்போக மாட்டார்கள், புண் இல்லை. அதனாலேயே எதற்குப் பதிலாக என்று கேட்காமல் அதை எல்லோருக்கும் போட்டுவிடும் ஆசையும் கூடும். கைப்பேசிக்குள் அவருடைய கடிதங்களும் படங்களும் வக்கீலோடு பேசியதும் இருக்கின்றன. செயலிக்கு எதையெல்லாம் தொட அனுமதி என்பதை ஜாமீன் உத்தரவில் எழுதும் வழக்கம் இன்னும் வரவில்லை. உடலில் பொருத்திய கருவி என்று மட்டும் வரையறை வைத்திருக்கும் சட்டம் இருக்கும் இடங்களில், மறுஆய்வு, கழிவு, தரவு அழிப்பு என்று மேலே பார்த்த பாதுகாப்புகள் எதுவும் செயலிக்குப் பொருந்தாது என்று அரசுத் தரப்பு வாதிட இடம் இருக்கிறது. வரையறையை, எந்த வழியிலானாலும் ஒருவரின் இருப்பிடத்தைத் தொடர்ந்து அறிவது என்று மாற்றி எழுதினால் போதும். அதற்கு ஒரு வரித் திருத்தம்தான் தேவை.